சென்னையில் குடும்பத்துக்கு வீடு வாங்க ஏரியா தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் வீடு தேட ஆரம்பித்தோம். முதல் சில வாரம் வீடுகளை மட்டும்தான் பார்த்தோம். ஹாலுக்கு வெளிச்சம் வருகிறதா, சமையலறையில் கிரைண்டர் வைக்க இடம் இருக்கிறதா, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. மடிப்பாக்கம் பக்கம் ஒரு வீடு ரொம்பப் பிடித்துப்போய், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தோடு போய்விட்டோம். தரகர் வரத் தாமதமானதால் எதிரே இருந்த இஸ்திரி வண்டியின் நிழலில் நின்றோம். "மழைக்கு இங்க எப்படிண்ணே?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "பதினஞ்சுல இது வரைக்கும்." அப்புறம் முழங்காலைத் தொட்டார். "இப்ப டிசம்பர்ல இது வரைக்கும்."

அந்த வீட்டுச் சுவருக்கு ஏன் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் தேடிய முறையே மாறியது. வீட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஏரியாவைப் பார்க்க ஆரம்பித்தோம். டைல்ஸை மாற்றலாம், சுவரை இடித்துக் கட்டலாம். தெருவின் மட்டத்தையும் நிலத்தடி நீரின் உப்பையும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் ஒரு பகுதி குடும்பத்துக்கு ஏற்றதா என்பதை இரண்டு மாதங்கள் சொல்லிவிடும்: கார்த்திகை மழை, கத்திரி வெயில். ஒன்றில் தண்ணீர் வீட்டுக்குள் வரும், இன்னொன்றில் குழாய்க்கு வராது. இந்த இரண்டையும் தாண்டிய ஏரியா கிடைத்தபின் மற்றதை யோசிக்கலாம். நாங்கள் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: குடும்பத்தின் ஒரு நாளை எழுதுங்கள்

வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை முதல் இரவு வரை எங்கே போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் தாளில் மனைவிக்குக் கிண்டியில் ஆபீஸ், எனக்குப் பெருங்குடி, மகள் ஆறாம் வகுப்பு, அப்பாவுக்கு மாதம் ஒருமுறை இதய டாக்டர், தினமும் காலை நடை. இதில் எது மாறும், எது மாறாது என்று குறியுங்கள். ஆபீஸ் மாறும். ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடத்தில் இரண்டு முறைகூட மாறும். பிள்ளையின் பள்ளி பிளஸ் டூ வரை பெரும்பாலும் மாறாது. பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரித் தேவை கூடிக்கொண்டுதான் போகும். ஆகவே ஆபீஸுக்குப் பக்கம் என்பதை முதல் காரணமாக வைத்து வாங்காதீர்கள். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கமாக, ஆபீஸுக்குப் போக ரயிலோ பஸ்ஸோ உள்ள இடமாகத் தேடுங்கள். இந்தத் தாளை வைத்து நான்கைந்து ஏரியாக்களைச் சுருக்கிக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

மழைத் தண்ணீர்: எந்த வகை வெள்ளம் என்று கண்டுபிடியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். "தண்ணி நிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சென்னையில் வெள்ளம் ஒரே மாதிரி வருவதில்லை. எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் தெரு தப்புமா என்று கணிக்க முடியும்.

முதல் வகை ஆற்று வெள்ளம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரை மீறி மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழியெல்லாம் புகுந்தது. ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் கதை வேறு. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அதனால் "செம்பரம்பாக்கத்தைத் திறக்கவில்லை, பயமில்லை" என்று முடிச்சூரில் யாராவது சொன்னால் அதை நம்பி உட்காரக் கூடாது. ஆற்றங்கரைப் பகுதிகளுக்கு ஒரு குணம் உண்டு. பல வருடம் ஒன்றும் ஆகாது, வந்தால் ஓர் இரவில் ஆளுயரத்துக்கு வரும். ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, ஆற்றின் கரையைவிட உங்கள் தெரு எவ்வளவு தாழ்வு என்பதுதான் கணக்கு.

இரண்டாவது வகை, வடியாத வெள்ளம். தென்சென்னையில் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், வேளச்சேரி சுற்றுவட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், அப்புறம்தான் கடல். அவ்வளவு பெரிய பரப்பின் தண்ணீருக்கு இந்த ஒடுங்கிய ஒரே பாதைதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே நின்று பெய்தபோது கடலும் கொந்தளிப்பில் இருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. இந்த வகையில் உயிர் பயம் குறைவாக இருக்கலாம். ஆனால் கரண்ட் இல்லாமல், சாக்கடை கலந்த தண்ணீரில், பாலுக்கும் குடிநீருக்கும் வழியில்லாமல் நான்கு நாள் மாடியில் இருப்பது வயதானவர்கள் உள்ள வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை.

பள்ளிக்கரணை பற்றி இன்னொன்று. 2022-ல் அது ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதையொட்டி ஒரு கிலோமீட்டர் சுற்றளவில், ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தர வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் உத்தரவிட்டது. அந்தப் பக்கம் புது அபார்ட்மென்ட் பார்ப்பவர்கள், அனுமதி எந்தத் தேதியில் வாங்கப்பட்டது, இன்றைய நிலை என்ன என்று சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நேரில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகை, ஏரிக்கு மேல் எழுந்த நகரம். தி.நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான பகுதி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது, ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்திலும் லேக் ஏரியா என்று ஓர் இடம் உண்டு. 2021 நவம்பர் மழையில் தி.நகர், மாம்பலம் தெருக்கள் குளமாக நின்றன. விலை அதிகம், பெரிய மனிதர்கள் இருக்கும் இடம், தண்ணீர் வராது என்று கணக்குப் போடுவது தப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கண்டுபிடிக்கும் வழிகள். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய செயற்கைக்கோள் படங்களுக்குப் போங்கள். 2000-களின் தொடக்கம் வரை பின்னால் போகலாம். இன்று நீங்கள் பார்க்கும் அபார்ட்மென்ட் இருந்த இடத்தில் அன்று என்ன இருந்தது? வயலா, திட்டா, தண்ணீரா? மழைக்காலத்தில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதே திரையில் கர்சரை நகர்த்தினால் நிலமட்டமும் மீட்டரில் தெரியும். துல்லியம் குறைவுதான் என்றாலும், உங்கள் தெரு சுற்றியுள்ள தெருக்களைவிட உயரமா தாழ்வா என்ற அளவுக்கு உதவும்.

அடுத்து சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேடு, அதாவது நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு, பாருங்கள். அந்த எண்ணும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எண்களும் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், குட்டை என்று பக்கத்து எண்ணில் இருந்தால், இன்று அங்கே தார் ரோடு இருந்தாலும் மழைத் தண்ணீர் அந்தப் பாதையில்தான் வரும். புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடும் கோடும் தெரியும்.

ஊர்ப்பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். மடுவு, ஓடை, ஏரிக்கரை என்று தெருப் பெயர்களில் இருந்தால் ஏன் அந்தப் பெயர் என்று விசாரியுங்கள். பெயரை மட்டும் வைத்து ஓர் இடத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அது விசாரிக்கச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான்.

அப்புறம் தெருவில் இறங்கி நடங்கள். பழைய வீடுகளுக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறதா? ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெரு உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மின்வாரியப் பெட்டிகள் இடுப்பளவு சிமென்ட் மேடையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா? கேட்டுக்குக் குறுக்கே தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா? தரைத்தள வீடுகள் மட்டும் நிறைய 'வாடகைக்கு' போர்டு மாட்டியிருக்கின்றனவா? 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் சொன்னவுடன் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அடுத்த அலர்ட் வரும்போது நீங்கள் பார்க்கும் ஏரியாவில் கார்கள் எங்கே போகின்றன என்று போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஆட்களிடம் கேட்பது. விற்பவரிடமும் தரகரிடமும் கேட்டுப் பயனில்லை. அங்கேயே குடியிருந்து சொந்த வீடு வைத்திருப்பவர்களும், தங்கள் சொத்து மதிப்பு குறையுமே என்று கொஞ்சம் மழுப்புவார்கள். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக்கடை அண்ணாச்சி, ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தண்ணீர் கேன் போடும் தம்பி, வாட்ச்மேன் இவர்களிடம் கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "தண்ணி வருமா?" என்றால் "அதெல்லாம் வராது சார்" என்று பதில் வரும். "பதினஞ்சுல எந்த அளவுக்கு வந்துச்சு?", "மிக்ஜாம்ல எத்தனை நாள் கரண்ட் இல்ல?", "போட் எந்தத் தெரு வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். ஒரே தெருவில் மூன்று பேர் ஒரே பதில் சொன்னால் அதுதான் உண்மை.

மழை நாளில் நேரில் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. நல்ல மழை விட்ட ஒரு மணி நேரத்தில் போங்கள், ரெயின்கோட் நனைந்தாலும் பரவாயில்லை. மறுநாளும் போங்கள். தேங்கிய தண்ணீர் மறுநாள் மதியமும் நின்றால் அந்தத் தெருவுக்கு வடிகால் இல்லை.

கத்திரி வெயிலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் மறந்துவிட்டோம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. நெம்மேலியில் இரண்டாவது நிலையம் 2024-ல் திறந்தார்கள். நிலைமை முன்பைவிட மேல்தான். ஆனாலும் எல்லாத் தெருவுக்கும் குழாய் போகவில்லை.

இங்கே ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெரிதானது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் வரி மாநகராட்சி வரி, ஆனால் குடிநீர்க் குழாயும் பாதாள சாக்கடையும் இன்னும் முழுமையாக வரவில்லை. தாம்பரம், ஆவடி இப்போது தனி மாநகராட்சிகள், அங்கும் பல தெருக்களில் இதே நிலைதான். அதனால் "மெட்ரோ வாட்டர் இருக்கு" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். குழாய் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, சம்புக்குத் தானாக விழுகிறதா மோட்டார் போட்டு உறிஞ்ச வேண்டுமா என்று கேளுங்கள். குடங்களை வரிசை கட்டி லாரிக்குக் காத்திருக்கும் தெரு என்றால் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

போர் தண்ணீரைச் சோதிக்கச் சில நூறு ரூபாயில் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி, கிடைக்கிறது. வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்திய தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது அதே தர அளவு. மே மாதம் அளந்தால் மட்டும்தான் பயன். நவம்பரில் எந்த போரும் நல்ல தண்ணீர் தரும். மீட்டர் இல்லாவிட்டால் குளியலறைக் குழாயைப் பாருங்கள். வாய்ப்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பு, வாளியும் டைல்ஸும் பழுப்பேறியிருந்தால் இரும்பு.

அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் கணக்கு நோட்டைக் கேளுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு செலவானது என்று இரண்டு மூன்று வருடத்துக்குப் பாருங்கள். காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். நாங்கள் துரைப்பாக்கம் பக்கம் பார்த்த ஒரு கட்டடத்தில் வருடம் முழுக்க லாரிதான், பராமரிப்புத் தொகையில் பெரும்பங்கு அதற்கே போனது. வங்கிக் கடன் தவணையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

பாதாள சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து டேங்க் நிரம்பி வழியும், கழிவுநீர் லாரியும் அந்த நேரத்தில் கிடைக்காது. தரைத்தளம் வாங்க நினைப்பவர்கள் இதை மட்டுமாவது கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போய்வரும் வழி

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு, நீங்கள் வாங்க நினைக்கும் தெருமுனையிலிருந்து ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். மாலை திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வீடு பார்க்கப் போகும்போது "இருபதே நிமிஷம்" என்று தோன்றும் தூரம், வேலை நாளில் ஒன்றே கால் மணி நேரம் ஆகும். ஓஎம்ஆரில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெட்ரோ பற்றி என் கருத்து உறுதியானது: ஓடிக்கொண்டிருக்கும் மெட்ரோவுக்குக் கூடுதல் விலை கொடுங்கள், வரப்போகும் மெட்ரோவுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். நல்ல திட்டம், வந்தால் நகரமே மாறும். ஆனால் ஒரு ஸ்டேஷன் திறக்கும் தேதி தள்ளிப்போனால் அத்தனை வருடமும் தோண்டிய ரோட்டில் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகப் போவது நீங்கள். விளம்பரத்தில் "மெட்ரோவுக்கு 5 நிமிடம்" என்று இருந்தால் நடந்து பாருங்கள். வரைபடத்தில் 600 மீட்டராக இருக்கும், நடுவில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கும்.

புறநகர் ரயிலை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு, சென்ட்ரல்–ஆவடி–அரக்கோணம் வழித்தடங்களில், ஸ்டேஷனுக்கு நடந்து போகக்கூடிய தெருக்கள் நடுத்தரக் குடும்பத்துக்கு இன்றும் நல்ல தேர்வு. நெரிசல் உண்டு, நேரத்துக்குப் போய்விடலாம். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் பள்ளி என்று பாருங்கள். நடுவில் இருப்பது மழையில் மூடிவிடும் சப்வே என்றால் அந்த நாட்களுக்கு மாற்றுவழி என்ன என்றும் கேட்டு வையுங்கள்.

பிள்ளைகள், பெரியவர்கள், ராத்திரி எட்டரை மணி

பள்ளியின் பெயரைவிட வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்பது குழந்தையின் வாழ்க்கையை அதிகம் தீர்மானிக்கிறது. காலை ஆறேகாலுக்கு வேன் ஏறும் குழந்தைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு நல்ல பள்ளி, மாலையில் விளையாட மாநகராட்சிப் பூங்காவோ மைதானமோ இருந்தால் அந்த ஏரியாவுக்குப் பத்து மார்க் கூட்டிக்கொள்ளுங்கள். அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் போன்ற வீட்டு வசதி வாரியம் அமைத்த பகுதிகளில் தெருவும் பூங்காவும் அகலமாக இருப்பது திட்டமிட்டுப் பிரித்ததால்தான். அங்கே வாங்க வசதி இல்லாவிட்டாலும், புறநகரில் பூங்கா இடம் உண்மையிலேயே பூங்காவாக இருக்கும் லேஅவுட்டாகத் தேடலாம். அங்கீகார வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எப்படிப் போவீர்கள் என்று ஒருமுறை வழியைப் பார்த்து வையுங்கள். ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத சந்தில் வீடு வாங்க வேண்டாம் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னார். அவர் சொன்னது சரி.

ராத்திரி எட்டரைக்கு வீட்டுப் பெண்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்து பார்க்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள், கொஞ்சம் பின்னால் வாருங்கள். விளக்கு எங்கே இல்லை, டாஸ்மாக் எந்த முனையில், எங்கே கடை மூடியபின் ஆள் நடமாட்டம் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரே நடையில் தெரியும். என் மனைவி ஓர் ஏரியாவை இந்த ஒரு நடையில் வேண்டாம் என்றார். வேறு எல்லாம் சரியாக இருந்தும் நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். என்ன சமைக்கிறீர்கள், என்ன ஆளுங்க, எந்த மதம் என்று கேட்டுவிட்டுத்தான் விற்கவோ வாடகைக்கு விடவோ செய்யும் கட்டடங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. உங்களை ஏற்றுக்கொண்டாலும், நாளைக்கு உங்கள் மகளின் தோழி வீட்டுக்கு வரும்போது முகம் சுளிக்கும் இடம் அது. பல விதமான மக்கள் கலந்து இருக்கும் தெருவில்தான் பிள்ளைகள் வளர வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

காற்றும் சத்தமும் காலி மனையும்

பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு அருகே வீடு பார்ப்பவர்கள் ஒரே நேரத்தில் மட்டும் போகக் கூடாது. பகலில் கடல் காற்று ஒரு பக்கம் அடிக்கும், விடியற்காலையில் நிலக்காற்று வேறு பக்கம் வீசும். காலை ஐந்தரைக்கும் மாலை ஏழுக்கும் போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். விமான நிலையத்தைச் சுற்றி பம்மல், பொழிச்சலூர், கொளப்பாக்கம், நங்கநல்லூர் பக்கங்களில் விமானச் சத்தம் தெருவுக்குத் தெரு வேறுபடும். மொட்டை மாடியில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும்.

பக்கத்தில் காலி மனை இருந்தால் அதில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். சிஎம்டிஏவின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்கானது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா என்று குறிக்கப்பட்டிருக்கிறது. எதிரே கிரிக்கெட் ஆடும் மைதானம் என்று நினைத்தது தொழிற்சாலைப் பகுதியாக இருக்கலாம். புழல் ஏரி நீர்ப்பிடிப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலத்தடி நீர் செறிவூட்டல் பகுதி என்று கட்டடக் கட்டுப்பாடு உள்ள இடங்களும் அதில் இருக்கின்றன. மாடி எழுப்பலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவர்கள் இதைப் பார்த்துவிடுங்கள்.

விலையும் பத்திரமும்

வீட்டின் பத்திரத்தை வக்கீல் பார்ப்பார். ஏரியா அளவில் நீங்கள் பார்க்க வேண்டியது சில உண்டு. பதிவுத் துறை இணையதளத்தில் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில மதிப்பு, இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்கும் உங்கள் தெருவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கையில் உள்ள பணத்தில் இதை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எந்த ஏரியா என்று பாருங்கள்.

சில பகுதிகளில் தெருவே மொத்தமாகச் சிக்கலில் இருக்கும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு, பஞ்சமி நிலம், எப்போதோ அரசு கையகப்படுத்த நோட்டீஸ் கொடுத்து முடிக்காமல் விட்ட நிலம் என்று. ஒரு தெருவில் யாருக்குமே வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதில் ஒன்றாக இருக்கும். தரகர் "ரெடி கேஷ்னா விலை குறைச்சுத் தருவாங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு வங்கிகள் கடன் கொடுத்த வீடு அதே சர்வே எண்ணில் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்ல குறுக்குவழி.

புறநகரில் புது ஃபிளாட்டா, நகருக்குள் பழைய ஃபிளாட்டா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். எட்டுக்கு மேல் வீடுகளோ 500 சதுர மீட்டருக்கு மேல் மனையோ உள்ள புதுத் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்க வேண்டும், பாருங்கள். பழைய ஃபிளாட்டில் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யூடிஎஸ், எத்தனை சதுர அடி என்பதுதான் உயிர். கட்டடம் தேயும், நிலம் மிஞ்சும். 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதனால் நல்ல யூடிஎஸ் உள்ள முப்பது வருடக் கட்டடத்தை, மேடான தெருவில் இருந்தால், நான் தயங்காமல் பார்ப்பேன்.

கடைசிப் படி: அங்கே வாடகைக்குப் போங்கள்

இதைச் சொன்னால் பலர் பணம் வீண் என்பார்கள். முடிந்தவர்கள் கட்டாயம் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த ஏரியாவில் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டு வாடகைக்குப் போங்கள். ஜூலையில் போனால் ஒரு முழு மழைக்காலமும் ஒரு முழுக் கத்திரியும் அந்தப் பதினோரு மாதத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு வீடு மாற்றும் அலைச்சலும் செலவும் உண்டுதான். வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருடக் கடனையும் வைக்கப்போகிற இடத்துக்கு அது அதிகமில்லை. இன்னொரு லாபம், அங்கே குடியிருப்பவர்களுக்கு விளம்பரத்துக்கு வராத வீடுகள் காதில் விழும்.

நாங்கள் 2024 ஜூலையில் பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் வாடகைக்குப் போனோம். பெயரிலேயே ஏரி இருக்கும் ஊர். அக்டோபர் மழையில் சப்வே நிரம்பி மூடினார்கள். எங்கள் தெருவில் கணுக்கால் அளவு ஓடி, இரண்டு மணி நேரத்தில் வடிந்தது. நான்கு தெரு தள்ளி மறுநாளும் நின்றது. மே மாதம் போர் தண்ணீர் 700 காட்டியது, மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. விமானச் சத்தம் எங்கள் மூவருக்கும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது, அப்பாவுக்கு இன்னும் பழகவில்லை. அதே தெருவில் இரண்டாவது மாடியில் ஒரு பழைய ஃபிளாட் விற்பனைக்கு வருவதாக முதலில் சொன்னது, கீழே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்காதான்.